பாசிக்கு வந்த மவுசும் மட்டைக்கு வந்த கேடும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், தேங்காய் உரிக்கிற ஆளுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்தப்போ சென்னையில் இருந்து அக்கா மகள் போன் பண்ணினாள்.

"மாமா, உங்க பக்கம் ஸ்பேக்னம் மாஸ் கிடைக்குமா?"

"அது என்ன கண்ணு?"

"பாசி மாமா. தொட்டிச் செடிக்குப் போடறது. இங்க 150 கிராம் 480 ரூபாய் சொல்றாங்க. உங்க வாய்க்கால்ல பாசி நிறைய இருக்குமே, காயவெச்சு ஒரு பை அனுப்புங்களேன்."

வாய்க்கால் பாசியில் வழுக்கி விழுந்து ஒரு மாசம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தவன் நான். அந்தப் பாசிக்கு இந்த விலை என்றால் சிரிக்கிறதா அழுவுறதா? மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிலோ 3,200 ரூபாய். கொப்பரைக்கு இதில் பத்தில் ஒரு பங்கு நிலையாக வந்தால் நாங்க கெடா வெட்டி ஊருக்கே விருந்து வைப்போம்.

கேட்டுச் சொல்றேன் என்று போனை வெச்சுட்டேன். அப்புறம் நாலு நாள் ராத்திரி, மோட்டார் ஓடற நேரமெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து போனில் இதைப் பத்தியே படிச்சேன். படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது. அக்கா மகள் மேல் இல்லை. அவள் பாவம், பால்கனியில் நாலு செடி வெச்சுக்கிட்டு சந்தோசமா இருக்கிறவள். கோபம் வேற இடத்தில்.

முதலில் அந்தப் பாசியைப் பத்திச் சொல்லிடறேன். அதுமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சொல்லப்போனால் மரியாதைதான். அது வாய்க்கால் பாசி இல்லை. குளிர் நாட்டுச் சதுப்பில் மெத்தை மெத்தையாக வளர்கிற செடி. வேரே கிடையாது. அதன் இலையில் பச்சையான உயிருள்ள செல்களுக்கு நடுவில், செத்துக் காலியான பெரிய செல்கள் குடம் குடமாக இருக்கும். அதில் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். காய்ந்த எடையைப் போல சுமார் 20 மடங்கு தண்ணி. மாட்டுக்கு இப்படி ஒரு தீவனம் இருந்தால் கோடை கவலை இல்லாமல் போகும்.

இன்னொரு குணமும் உண்டு. தன்னைச் சுத்தி இருக்கிற தண்ணியை அது புளிப்பாக்கிடும். அந்தப் புளிப்பில் எதுவும் லேசில் மக்காது. முதல் உலகப் போரில் பஞ்சு போதாதப்போ இங்கிலாந்துக்காரன் இந்தப் பாசியைத்தான் காயத்துக்கு வெச்சுக் கட்டினான். ரத்தத்தை உறிஞ்சும், சீக்கிரம் சீழ் பிடிக்காது.

அடியில் செத்த பாசி மக்காமல் படிஞ்சு படிஞ்சு கருப்பாக ஆகுதே, அதுதான் பீட். கடையில் 'பீட் மாஸ்' என்று மூட்டையில் விற்பது அது. நீளநீளமாகக் காய்ந்த தலைமுடி மாதிரி பொட்டலத்தில் வருவது 'ஸ்பேக்னம் மாஸ்'. ஒரே செடி, ஒண்ணு மேல் பாகம், ஒண்ணு அடியில் படிஞ்ச பொணம். நிறையப் பேர் ரெண்டையும் குழப்பிக்கிறார்கள். மேல் பாகத்தைப் பார்த்துப் பறிச்சால் சில வருசத்தில் திரும்பத் தழைக்கும். அடியோடு வாரினால் தழைக்க அங்கே ஒண்ணும் மிச்சம் இருக்காது. பீட் கதையே வேற. வருசத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் அது சேருகிறது. ராஜராஜன் தஞ்சாவூரில் கோயில் கட்டின காலத்தில் சேர ஆரம்பிச்சிருந்தால் இன்னைக்கு ஒரு ஆள் இடுப்பு உயரம் இருக்கும், அவ்வளவுதான். உலகத்து நிலத்தில் இந்த மாதிரி இடம் 3 சதவீதம்தான். ஆனால் எல்லாக் காட்டு மரங்களும் சேர்ந்து பிடிச்சு வெச்சிருக்கிற கரியைவிட இங்கே புதைஞ்சிருக்கிறது அதிகம். வாய்க்கால் வெட்டித் தண்ணியை வடிச்சால்தான் பீட் எடுக்க முடியும். வடிச்சதும் காத்துப் பட்டு, அத்தனை வருசம் அடங்கிக் கிடந்தது புகையாக மேலே போயிடும்.

நமக்கு வருகிற பாசி பெரும்பாலும் தென் அமெரிக்காவில் சிலியில் இருந்தும் நியூசிலாந்தில் இருந்தும் வருது. சிலியில் சிலோயே என்று ஒரு தீவு. அங்கே பனிமலை உருகின ஆறு எதுவும் கிடையாது, கோடையில் ஜனங்களுக்குத் தண்ணி கொடுப்பது இந்தச் சதுப்புகள்தான். பாசியை வாரி வாரி வித்ததில் கிணறு வத்தினதை அந்த ஊர்க்காரர்கள் சொல்லிச் சொல்லி, 2024-ல் சிலி அரசாங்கம் பீட் வெட்டக்கூடாது, பாசியையும் திட்டம் போட்டுத்தான் பறிக்கணும் என்று சட்டம் கொண்டுவந்தது. அவனும் என்னை மாதிரி சின்ன விவசாயிதான். காசு வேணும், பறிக்கிறான். அவன் கிணறு வத்தறது நம்ம பால்கனிக்குத் தெரியாது.

இதையெல்லாம் அக்கா மகளிடம் சொன்னேன். "அப்போ நாமளே வளர்த்துக்கலாமே மாமா, வீடியோவில் டப்பாவில் வளர்க்கிறாங்க" என்றாள்.

கண்ணு, அது மழைத் தண்ணியில் வளர்கிற சாதி. உப்பும் சுண்ணாம்பும் ஆகாது. சென்னை போர் தண்ணியை ஒரு வாரம் ஊத்தினால் கருகிடும். அதனால் வீடியோவில் என்ன சொல்கிறான்? ஆர்.ஓ. தண்ணி ஊத்துங்க என்கிறான். ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணிக்கு ரெண்டு மூணு லிட்டர் சாக்கடைக்குப் போகுது. எங்க ஊரில் குடிதண்ணிக் குழாய் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் அது நல்ல வாரம். பெண்கள் குடத்தை வரிசை வெச்சுட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். ஏசியில் சொட்டுகிற தண்ணி, மழைத் தண்ணி பிடிச்சு ஊத்துவேன் என்றால் சரி, ஒத்துக்கறேன். ஆனால் சித்திரை வெயிலை எங்கே கொண்டுபோய் வைப்பாய்? பாசி வாழறதுக்கு ஏசி போடுவாயா?

இதுக்கெல்லாம் மேல், எதுக்கு இந்தப் பாசி என்று கேட்டேன். மணி பிளான்ட் ஏறுவதுக்குக் கம்பத்தில் சுத்தணுமாம்! எங்க தோப்பில் எவனோ எறிஞ்ச மணி பிளான்ட் ஒரு தென்னையில் தொத்தி முப்பது அடி ஏறி நிக்குது. இலை ஒவ்வொண்ணும் முறம் அளவு. அதுக்கு நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினதில்லை, 480 ரூபாயும் செலவழிச்சதில்லை.

ஆர்க்கிட் வளர்க்கிறவர், பூச்சி தின்னும் செடி வளர்க்கிறவர் கோவிச்சுக்க வேண்டாம். அந்தச் செடிகளுக்கு இந்தப் பாசி பொருத்தம்தான். ஒரு பிடி வாங்குங்க, அலசி அலசித் திரும்பப் பயன்படுத்துங்க. கையுறை போட்டுக்குங்க. அதில் இருக்கிற ஒரு பூஞ்சாணம் கையில் முள் கீறின இடத்தில் புகுந்து ஆறாத புண்ணாக்குமாம். மத்தபடி மல்லிக்கும் தக்காளிக்கும் மணி பிளான்ட்டுக்கும் எதுக்குங்க சிலியில் இருந்து பாசி? விண்பதியம் போடறதுக்குப் பாசி இல்லாமல் ஆகாது என்று ஒருத்தர் எழுதியிருந்தார். எங்க அப்பா கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் பதியம் போட்டது நனைச்ச மஞ்சியும் மக்கின சாணியும் வெச்சுத்தான். மேலே ஒரு பாலிதீன் காகிதம், ரெண்டு கட்டு. வேர் விடாமல் இருந்ததில்லை.

மஞ்சி என்றால் தேங்காய் நார். எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். நார் உரிக்கிற இடம் மஞ்சி மில். இங்கேதான் நான் சொல்ல வந்த விசயமே இருக்கு.

இதுவரைக்கும் படிச்சவர்கள், 'நாங்கள் பாசி வாங்கறதில்லை, கோகோபீட்தான் போடறோம், அது நம்ம ஊர்ப் பொருள்' என்று நினைச்சிருப்பீங்க. அக்கா மகளும் அதைத்தான் சொன்னாள். "சரி மாமா, பாசி வேண்டாம், கோகோபீட் வாங்கிக்கறேன். அது சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?"

நல்லதுதான். யார் சுற்றுச்சூழலுக்கு?

ஒரு தேங்காய் மட்டையை உரிச்சால் நார் மூணில் ஒரு பங்குதான் வரும். மீதி பூராவும் தூள். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் இந்தத் தூள் மில்லுக்கு மில் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். இனாமாகக் கொடுத்தாலும் எடுக்க ஆள் இல்லை. சில குவியல் தீப்பிடிச்சு மாசக்கணக்கில் உள்ளேயே கனன்றுக்கிட்டு இருக்கும். ரோட்டில் போகிறவன் எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போவான். அப்புறம் வெளிநாட்டுக்காரன் கண்ணில் பட்டது. சதுப்பு நிலம் அழியுது, பீட் வாங்காதீங்க என்று இங்கிலாந்தில் பெரிய பிரச்சாரமே நடந்தது. பீட்டுக்குப் பதிலாக என்ன போட்டான்? நம்ம தமிழ்நாட்டுத் தூளும் இலங்கைத் தூளும்தான். ஹாலந்துக்காரன் கண்ணாடிக் கூரைக்குள் செடி வளர்ப்பதுக்கும் இதை வாங்கறான். அவன் சதுப்பைக் காப்பாத்தினான். சந்தோசம். நானும் கையைத் தட்டறேன்.

ஆனால் மட்டைத் தூளில் பொட்டாசும் சோடியம் உப்பும் நிறைய. அப்படியே போட்டால் செடி கருகும். உப்பைக் குறைச்சுக் கொடு என்று வாங்குகிறவன் கேட்கிறான். 'லோ ஈசி' என்றால் ஒரு விலை, 'ஹை ஈசி' என்றால் ஒரு விலை. உப்பை எப்படிக் குறைப்பது? தண்ணி ஊத்தி அலசணும். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. எங்க தண்ணியை ஊத்தி.

அலசின தண்ணியைப் பார்த்திருக்கீங்களா? டீ டிகாசன் மாதிரி இருக்கும். மட்டையின் துவர்ப்பும் சாயமும் உப்பும் அதில் இருக்கும். எங்க தோட்டத்துக்கு மேற்கே ரெண்டு காடு தள்ளி ஒரு மில் வந்தது. காயப்போடும் களம், அலசும் இடம், எல்லாம் போட்டார்கள். அலசின தண்ணி மண் குழியில் நின்றது. மூணாவது வருசம் வைகாசியில் எங்க கிணத்துத் தண்ணி லேசாக நிறம் மாறினது. நான் இலை விழுந்து ஊறியிருக்கும் என்று நினைச்சேன். மாடுதான் முதலில் கண்டுபிடிச்சது. தொட்டியில் வாயை வெச்சுட்டு, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. குடிக்கலை. கிணறு வெட்டின எங்க தாத்தா காலத்தில் இருந்து எங்க மாடு அந்தத் தண்ணி குடிக்காமல் நின்னதில்லைங்க. புட்டியில் பிடிச்சுக்கொண்டுபோய்ப் பரிசோதனை பண்ணினேன். உப்புக் கூடிடுச்சு, வெங்காயத்துக்கு ஆகாது, தென்னை தாங்கும் என்றார்கள். வருசா வருசம் அரை ஏக்கர் சின்ன வெங்காயம் போட்டுக்கிட்டு இருந்த நிலம் அது. அதோடு நின்னுபோச்சு.

மில்காரரிடம் போனேன். அவரும் எங்களுக்குப் பங்காளி முறைதான். மரியாதையாகத்தான் பேசினார். "என்ன பண்ணச் சொல்றீங்க? அலசாமல் கொடுத்தால் வாங்க மாட்டேங்கறான். இருபது பேர் வேலை செய்யறாங்க. அப்புறம், உங்க மட்டையும் இங்கதானே வருது?"

பதில் சொல்ல முடியலை. அவர் சொன்னது நிஜம். லாரி வந்து அள்ளிக்கிட்டுப் போகும்போது நானும்தான் எண்ணிக் காசு வாங்கினேன். மட்டை ஒரு ரூபாய்க்குக்கூடப் போகாத வருசமும் உண்டு. அப்பவும் கொடுத்தேன். என் மட்டையை வித்த காசில் என் கிணத்தையும் சேர்த்து வித்திருக்கேன் என்று அன்னைக்குத்தான் உறைச்சது.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கு. காய்க்கிற தென்னை ஒண்ணுக்கு வருசத்துக்கு 2 கிலோ பொட்டாஷ் உரம் வைக்கணும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்துச் சிபாரிசு. அந்தப் பொட்டாஷ் இந்தியாவில் தோண்டி எடுக்கறது இல்லை, அத்தனையும் கப்பலில் வருது. கனடாவில் இருந்து, ரஷ்யாவில் இருந்து. நான் கடனுக்கு மூட்டை வாங்கி மரத்துக்கு வைக்கிறேன். மரம் அதை எடுத்து மட்டையில் சேர்த்து வைக்குது. மட்டை மில்லுக்குப் போகுது. அங்கே அதை 'உப்பு' என்று பேர் வெச்சு அலசி என் கிணத்தில் விடறாங்க. பொட்டாஷ் போன தூள் கட்டியாகி ஹாலந்துக்கும் உங்க மொட்டை மாடிக்கும் வருது. அதில் சத்தே இல்லையே என்று நீங்கள் கடையில் உரம் வாங்கி ஊத்தறீங்க. நான் மறுபடி கனடா மூட்டைக்குக் கடன் சொல்லப் போறேன். கையில் வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறது என்பார்கள். இதில் வெண்ணெயையும் நாமே கிணத்தில் போடறோம்.

மொட்டை மாடிக்குப் பாரம் ஆகாது, மண் தொட்டி அடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். தோட்டம் போடாதீங்க என்று சொல்ல வரலை. ஆனால் 'மண்ணில்லா விவசாயம்', 'சுத்தமான மீடியா' என்று பேசுகிற பேச்சுதான் எனக்கு ஆகலை. மண் என்றால் அழுக்கு, பாக்கெட்டில் வந்தால் சுத்தமா? அழுக்கு எங்கேயும் போயிடலை. உங்க கண்ணில் படாத இடத்தில் எங்க ஊரில் இருக்கு. சிலியிலும் இருக்கு.

கேட்கிறேன், நீங்கள் கடையில் கோகோபீட் கட்டி வாங்கும்போது ஒரு கேள்வி கேட்டதுண்டா? 5 கிலோ கட்டி எத்தனை தொட்டிக்கு வரும், விலை குறையுமா, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பீங்களா, இதெல்லாம் கேட்டிருப்பீங்க. அலசின தண்ணி எங்கே போச்சு என்று ஒருத்தராவது? தரைக்குச் சிமெண்ட் போட்டு, தொட்டி கட்டி, தண்ணியைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்தற மில்லும் இருக்குங்க. அவனுக்கு அந்தச் செலவுக்கு விலை கிடைக்கணும். கேட்கிறவன் இல்லாததால் மண் குழிக்காரன் கட்டியும் அவன் கட்டியும் ஒரே விலைக்கு விக்குது.

அலசாத தூளையே வாங்கலாம். மக்க வெச்ச தூள் இன்னும் நல்லது. இது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியா, சிப்பிக் காளான் வித்து 5 புட்டி. நிழலில் ஒரு அடுக்குத் தூள், அதுமேல் வித்து, இன்னொரு அடுக்கு, அதுமேல் யூரியா. இப்படி மாத்தி மாத்தி அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்துக்கிட்டால் ரெண்டு மாசத்தில் கருப்பாகிடும். நான் மூணு வருசமாக இதைப் பண்றேன். மாட்டுச் சாணியும் கொஞ்சம் கரைச்சு ஊத்துவேன், அது என் சொந்தச் சேர்க்கை. இதில் உப்புக் கொஞ்சம் இருக்கும்தான். அதனால் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து, தூளைப் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கணும். வீட்டில் ஒரு தடவை ஊறவெச்சுப் பிழியறீங்களா, அந்தத் தண்ணியை நிறைய நல்ல தண்ணியில் கலந்து தெருவில் இருக்கிற வேப்ப மரத்துக்கு ஊத்துங்க. அதில் இருக்கிறது பொட்டாஷ். ஒரு டம்ளர் அளவுக்கு ஒரு மரம் ஒண்ணும் ஆகாது. லாரி லாரியாக ஒரே குழியில் விட்டால்தான் விஷம்.

மட்டையை இப்போ மில்லுக்குக் கொடுக்கறதை நிறுத்திட்டேன். மரத்தைச் சுத்தி வட்டமாகக் குழி எடுத்து, மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்த்த மாதிரி அடுக்கி மண்ணை மூடறோம். மழைத் தண்ணியைத் தன் எடையைப் போல மூணு நாலு மடங்கு பிடிச்சு வெச்சுக்கும். சிலிப் பாசி அளவுக்கு இல்லைதான், ஆனால் அஞ்சு வருசத்துக்குக் குறையாமல் உள்ளே கிடந்து வேலை செய்யும். எங்க அப்பா பண்ணினதுதான் இது. நடுவில் இருபது வருசம் காசுக்கு ஆசைப்பட்டு விட்டுட்டோம். இந்த வருசம் நாற்பது மரத்துக்கு முடிஞ்சது. குழி எடுக்கிற கூலி அந்த மட்டையை வித்தால் வரும் காசைவிட அதிகம். வீட்டில் அதுக்கும் ஒரு பாட்டு வாங்கியாச்சு.

கிணறு இன்னும் தெளியலை. மழை நல்லா பெய்ஞ்ச வருசம் கொஞ்சம் பரவாயில்லை, கோடையில் மறுபடி அதே நிறம். மாட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து பைப் போட்டுத் தண்ணி எடுக்கிறோம். மாசா மாசம் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கறோம், வாங்கிக்கறாங்க.

அக்கா மகளுக்கு மக்கின தூள் ஒரு மூட்டை பஸ்ஸில் போட்டு அனுப்பினேன். பார்சல் கூலி, தூளோட விலையைவிடக் கூட. நேத்து போன் பண்ணினாள். மூட்டை வந்ததாம், அரைவாசி எதிர் வீட்டு அம்மாவுக்குக் கொடுத்தாளாம்.

"அப்புறம் மாமா, இங்க நர்சரியில் போய்க் கேட்டேன், இதை அலசின தண்ணி எங்கே போகுதுன்னு."

"என்ன சொன்னான்?"

"என்னை ஏற இறங்கப் பார்த்தான் மாமா. நீங்க எந்த டிபார்ட்மெண்ட்னு கேட்டான்."